பிளேட் வைத்த தோளோடு கோவா 70.3 போகலாமா?

கேள்வி கேட்ட தம்பியின் நிலைமையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றவர்களுக்கும் பதில் புரியும். வயது 39, ஊர் சென்னை. நான்கு மாதத்துக்கு முன் ஈசிஆரில் காலை ரைடில், குழுவோடு போகும்போது முன்னால் போனவரின் பின்சக்கரத்தில் தன் முன்சக்கரம் உரசி விழுந்திருக்கிறார். இடது காலர்போன் உடைந்து பிளேட் வைத்தாகிவிட்டது. தலையிலும் அடி. சிடி ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனால் ஒரு வாரம் தலைவலியும் வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சமும் இருந்ததாம். இப்போது டாக்டர் "நார்மலா இருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்கும் டிரெய்னரில் பழைய வாட்ஸில், அதாவது பழைய மிதிக்கும் சக்தியில், தொண்ணூறு சதவீதம் வந்துவிட்டது. கோவா 70.3-க்கு, அதாவது 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய அரை ஐயன்மேன் போட்டிக்கு, விழுவதற்கு முன்பே பணம் கட்டியாகிவிட்டது, போட்டிக்கு இன்னும் மூன்றரை மாதம் இருக்கிறது. ரோட்டில் சைக்கிளை இறக்கினால் மட்டும் கை நடுங்குகிறது. போகலாமா, கூடாதா?

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். போன தடவை எடுத்த நேரத்தைவிடக் குறைக்க வேண்டும் என்று போவதாக இருந்தால் வேண்டாம். கட்-ஆஃபுக்குள், அதாவது போட்டியில் கொடுத்திருக்கும் கடைசி நேரத்துக்குள், முடித்தால் போதும் என்றால் போகலாம், ஆனால் அதற்கு எக்ஸ்ரே, தலை, ரோடு மூன்றும் சரி சொல்ல வேண்டும். டிரெய்னர் சொல்வதை இந்தக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

நான் டாக்டர் இல்லை, பிசியோவும் இல்லை. 48 வயது, பத்து வருஷத்துக்கு மேலாக இந்தப் பைத்தியம் பிடித்திருக்கிறது, நானும் விழுந்து எழுந்தவன். கோவளம் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால், விடிவதற்கு முன், நாய் குறுக்கே வந்தது. வலது காலர்போன், இரண்டு விலா எலும்பு. நினைவு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி "வண்டிக்கு என்ன ஆச்சு?" என்பதுதான், அதை வைத்து வீட்டில் இன்றைக்கும் ஓட்டுகிறார்கள். அதற்கப்புறம் விழுந்த நண்பர்கள் ஏழெட்டு பேரோடு கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதுதான் இது.

முதலில் அந்தத் தொண்ணூறு சதவீதம். இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம், நானும் ஏமாந்தேன். உடம்பில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் திரும்பி வரும். நன்றாகப் பயிற்சியில் இருந்தவர் மொத்தமாக நிறுத்திவிட்டால், ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன், அதாவது விஓ2 மேக்ஸ், மூன்று வாரத்தில் ஏழு சதவீதம் அளவுக்கும் எட்டு வாரத்தில் பதினாறு சதவீதம் அளவுக்கும் குறையும். கேட்க பயமாக இருக்கும், ஆனால் திரும்ப ஆரம்பித்தால் மூச்சும் இதயமும்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடி வரும். ஆறேழு வாரத்தில் "அட, நான் பழைய ஆள்தான்" என்று தோன்றிவிடும். எலும்பு கூடுவதற்கே ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும், கூடிய எலும்பு பழைய கெட்டிக்கு வர மாதக்கணக்காகும். தசைநாண்கள் அதைவிடச் சோம்பேறிகள். இன்ஜின் புதுசு, டயர் பழசு என்கிற நிலைமை. அந்த நண்பர்களில் ஒருவருக்குக் காலர்போன் அழகாகக் கூடிவிட்டது. மூச்சு வந்த தைரியத்தில் வாரத்துக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடினார், கெண்டைக்கால் தசை கிழிந்து இன்னும் ஏழு வாரம் உட்கார்ந்தார். விழுந்த இடம் தோள், உட்கார வைத்தது கால்.

டாக்டர் சொன்ன "நார்மலா இருக்கலாம்" என்பதும் அப்படித்தான். அவருக்கு நார்மல் என்றால் வேட்டி கட்டலாம், கார் ஓட்டலாம், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கலாம். கடலில் 1.9 கிலோமீட்டர் கை போடுவதும், ஹேண்டில்பாருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஏரோ பாரில் முழங்கையை ஊன்றி 90 கிலோமீட்டர் தோளைத் தாங்கவிடுவதும் அவர் மனதில் இருந்திருக்காது. அவரைக் குறை சொல்லவில்லை, நாம் கேட்கவில்லை. திரும்பப் போங்கள். போகும்போது ஏரோ பாரில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் போட்டோ ஒன்றைப் போனில் காட்டுங்கள். "இந்த நிலையில் நாலு மணி நேரம் இருக்கலாமா? கடலில் யாராவது முழங்கையால் தோளில் இடித்தால் தாங்குமா? இன்னொரு தடவை இதே பக்கம் விழுந்தால் என்ன ஆகும்?" என்று இந்த மூன்றையும் அப்படியே கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். பிளேட் வைத்த எலும்பில் மறுபடி அடி விழுந்தால், பிளேட் முடியும் ஓரத்தில் உடைய வாய்ப்பு உண்டு, அல்லது பிளேட்டே வளையும், அது முதல் ஆபரேஷனைவிடச் சிக்கல். புது எக்ஸ்ரே எடுத்து எலும்பு கூடியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு அவர் சொல்லட்டும். வலி இல்லை என்பதால் எலும்பு கூடிவிட்டது என்று அர்த்தம் இல்லை, பிளேட் பிடித்துக்கொண்டிருந்தாலே வலி இருக்காது. பிளேட்டை எடுத்துவிட்டுப் போட்டிக்குப் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். இந்த மூன்றரை மாதத்தில் அந்தப் பேச்சே வேண்டாம், எடுத்தால் ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் அடைபடும்வரை எலும்பு பலவீனமாக இருக்கும்.

இதற்கு நடுவில் சொந்தக்காரர்கள் விட மாட்டார்கள். என் அத்தை ஆபரேஷன் முடிந்த மூன்றாவது நாளே "புத்தூர் கட்டுக்குப் போயிருந்தா இந்தத் தகடெல்லாம் வந்திருக்குமாடா" என்று ஆரம்பித்தார். அப்புறம் தினம் ஒரு தூக்கு ஆட்டுக்கால் சூப். சூப் எலும்பை ஒட்டாது, ஆனால் சாப்பாடே இறங்காத அந்த நாட்களில் அது இறங்கியது, அந்த வகையில் அத்தைக்கு நன்றி. எலும்பு கூட வேண்டியது போதுமான புரதமும் கால்சியமும் வைட்டமின் டி-யும். நாம் விடியற்காலை ரைடு முடித்து ஒன்பது மணிக்கு ஏசி அறைக்குள் போய்விடும் கூட்டம், வெயில் ஊரில் இருந்துகொண்டே வைட்டமின் டி குறைந்தவர்கள் இங்கே ஏராளம், ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் எலும்பு கூடுவது தள்ளிப் போகும், இது நன்றாகத் தெரிந்த விஷயம். இன்னொன்று, வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்யாதீர்கள். வலி எங்கே நிறுத்தச் சொல்கிறது என்பதே தெரியாமல் போய்விடும். போட்டி அன்றைக்கோ இன்னும் மோசம், வியர்வையில் தண்ணீர் வற்றிய உடம்பில் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

தலை. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடம் இதுதான், நீங்கள் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். சிடி ஸ்கேன் பார்ப்பது ரத்தக்கசிவையும் மண்டையோட்டு முறிவையும். கன்கஷன், அதாவது மூளை உள்ளுக்குள் குலுங்கியது, அதில் தெரியாது. ஒரு வாரம் தலைவலியும் வெளிச்சக் கூச்சமும் இருந்தது என்றால் ஒரு நரம்பியல் மருத்துவரிடமோ விளையாட்டு மருத்துவரிடமோ உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். இப்போதெல்லாம் கன்கஷனுக்கு இருட்டு அறையில் வாரக்கணக்கில் படுக்கச் சொல்வதில்லை. ஒன்றிரண்டு நாள் ஓய்வு, அப்புறம் லேசான நடை, நிலையான சைக்கிள், கொஞ்சம் கொஞ்சமாகப் படியேற்றி, ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு நாள் நின்று, தலைவலி கூடினால் ஒரு படி இறங்கி வருவதுதான் முறை. இறங்குவதில் அவமானம் ஒன்றும் இல்லை. நீங்கள் நான்கு மாதம் தாண்டிவிட்டீர்கள், பெரும்பாலும் சரியாகியிருக்கும். ஆனாலும் ஒரு சோதனை உண்டு: டிரெய்னரில் கடினமான இன்டர்வெல், அதாவது வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி மிதிக்கும் பயிற்சி, செய்த அன்று மாலை தலை கனக்கிறதா, ஆபீஸில் எழுதியதையே திரும்பத் திரும்பப் படிக்கிறீர்களா, சத்தம் எரிச்சலாக இருக்கிறதா என்று வீட்டில் கேளுங்கள். உங்களிடம் கேட்க வேண்டாம், நீங்கள் இல்லை என்றுதான் சொல்வீர்கள். இதில் ஒன்று இருந்தாலும் ரோடு, கடல் இரண்டுமே இப்போதைக்குக் கிடையாது. ஆறாத தலையில் இரண்டாவது அடி விழுவது மிக ஆபத்தானது, இதில் மட்டும் நான் விளையாட்டாகப் பேச மாட்டேன்.

ஹெல்மெட்டை மாற்றிவிட்டீர்களா? உள்ளே இருப்பது தெர்மாகோல் மாதிரியான நுரை, ஒரு அடியை வாங்கி நசுங்குவதுதான் அதன் வேலை, அது ஒரே தடவைதான் உங்களுக்காகச் சாகும். வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே நசுங்கியிருக்கும். வண்டியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கடையில் "கியர் செட் பண்ணிட்டேன் சார், சூப்பரா இருக்கு" என்று கொடுத்துவிடுவார்கள். ஹேண்டில்பாரில் சுற்றியிருக்கும் டேப்பைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். என் வண்டியில் மூன்று மாதம் கழித்து டேப் மாற்றும்போதுதான் தெரிந்தது, கியர் மாற்றும் வலது பக்க ஷிஃப்டர் கவ்வும் இடத்துக்குக் கீழே முடி அளவுக்கு ஒரு விரிசல், கார்பன் பார். அதே பாரைப் பிடித்துக்கொண்டு நான் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பாலம் இறங்கியிருக்கிறேன், நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைக் கழற்றி அதன் மேல்பகுதியான ஸ்டீரர் குழாயைப் பார்க்க வேண்டும், பின்னால் செயினைக் கியர் மாற்றும் டிரெய்லியர் தொங்குகிற ஹேங்கர் வளைந்திருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும், வளைந்த ஹேங்கரோடு பின்னால் இருக்கிற பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் டிரெய்லியர் போய் ஸ்போக்கில் மாட்டும். கார்பனில் சந்தேகம் என்றால் கார்பன் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள், சந்தேகம் தீரவில்லை என்றால் அந்தப் பாகத்தைக் குப்பையில் போடுங்கள்.

சரி, இப்போது தோளும் நீச்சலும். மூன்று விளையாட்டில் காலர்போன்காரருக்குக் கடைசியில் வருவது நீச்சல்தான். பிரச்சினை பெரும்பாலும் எலும்பில் இருக்காது, கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் வைத்திருந்த அந்த வாரங்களில் தோள்பட்டையைச் சுற்றி இருக்கிற சின்னச் சின்னத் தசைகள் வேலையை மறந்துவிடும், மூட்டு இறுகும். நாற்பதை நெருங்கும் வயதில் அது அப்படியே ஃப்ரோசன் ஷோல்டராகப் போவதும் உண்டு. எனக்கு பிசியோ கொடுத்த முதல் பயிற்சி, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறுவது. வீட்டில் மகளின் உயரத்தைக் குறித்து வைத்த கதவு நிலை ஒன்று உண்டு, அதிலேயே பென்சிலால் நான் தொட்ட உயரத்தைக் குறித்து தேதி போட்டேன். முதல் நாள் அவளுடைய நாலாம் வகுப்பு உயரத்தைக்கூடத் தொட முடியவில்லை. இடது கை தொடும் இடத்தை வலது கை தொட ஒன்பது வாரம் ஆனது. அந்தக் கோடுகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன, பெயின்ட் அடிக்க வந்தவரிடம் விடச் சொல்லிவிட்டாள் மகள்.

உங்களுக்கு என் சோதனை இது: இரண்டு கையும் ஒரே உயரம் தொட வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஒரே அளவுக்குப் போக வேண்டும், தரையில் பத்து தண்டால் தோள் ஒரு பக்கம் சாயாமல் வர வேண்டும். இது வராமல் நீளமாக நீந்தாதீர்கள், எலும்பு கூடியிருந்தாலும் ரொட்டேட்டர் கஃப், அதாவது தோள் மூட்டைப் பிடித்திருக்கும் அந்தச் சின்னத் தசைகள், போய்விடும். வந்துவிட்டது என்றால் முதலில் பலகை பிடித்துக் கால் மட்டும், அப்புறம் ஒரு கை, அப்புறம் 25 மீட்டர் நீந்தி நின்று மறுபடி 25. உள்ளங்கையில் மாட்டும் தட்டு மாதிரியான பேடிலை இந்த வருடம் தொடவே வேண்டாம். இடது பக்கம் அடிபட்டவர் வலது பக்கம் மூச்சு எடுக்கும்போது கவனியுங்கள், அந்த நொடியில் இடது கை முன்னால் நீண்டு உடம்பின் எடையைத் தாங்கி நிற்கும், வலி வருவதென்றால் அங்கேதான் வரும். இடது பக்கம் மூச்சு எடுக்கவும் பழகிக்கொள்ளுங்கள், கடலில் அலை ஒரு பக்கமிருந்து அடிக்கும்போதும் உதவும்.

இனி அந்த நடுக்கம். எலும்புக்கு எக்ஸ்ரே இருக்கிறது, இதற்கு ஒன்றுமில்லை, அதனால் நாம் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. "பயமெல்லாம் இல்ல, டைம் கிடைக்கல" என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் டிரெய்னரில் ஓட்டுகிறோம். டிரெய்னரில் நாய் வராது. பக்கத்தில் யாரும் தடுமாற மாட்டார்கள். அதில் கால் வளரும், ஆனால் வண்டியைச் சமாளிக்கிற புத்தி துருப்பிடிக்கும். ஆகவே ரோட்டுக்குப் போகும் முன் ஒரு காலி மைதானம் தேடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானம், ஆபீஸ் பார்க்கிங், எது வேண்டுமானாலும். நான் ஆறு தண்ணீர் பாட்டிலை வரிசையாக வைத்து நடுவில் வளைந்து வளைந்து ஓட்டினேன், காவலாளி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். நேர்க்கோட்டில் ஓட்டிக்கொண்டே வலது தோள் வழியாகத் திரும்பிப் பார்ப்பது, ஒரு கையால் பாட்டில் எடுத்துக் குடித்துத் திரும்ப வைப்பது, முழு பிரேக் போட்டு உடம்பைப் பின்னால் தள்ளி நிற்பது. உங்களுக்கு இதில் ஒரு தனிக் கவனம் வேண்டும்: நம் ஊரில் சிக்னல் காட்டுவதும் வலது கை, பலர் பாட்டில் எடுப்பதும் வலது கை, அந்த நேரமெல்லாம் பாரில் இருப்பது அடிபட்ட இடது கை மட்டும். கை நடுங்குவதில் பாதி பயமாக இருக்காது, அந்தத் தோளுக்குப் பலம் இல்லாமலும் இருக்கும். அதையும் பிசியோவிடம் சொல்லுங்கள்.

ரோட்டுக்கு முதலில் தனியாகவும் போக வேண்டாம், குழுவோடும் வேண்டாம். நம்பிக்கையான ஒருவரோடு, அவர் பின்னால் இடைவெளி விட்டு வரட்டும். ஏரோ பாரை முதல் ஆறு வாரம் கழற்றி வைத்துவிடுங்கள், அதில் படுத்திருக்கும்போது பிரேக்குக்குக் கை எட்டாது, பயந்த ஆள் பிரேக்குக்குப் பக்கத்தில் இருப்பதே நல்லது. விழுந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். நான் ஐந்து மாதம் கேளம்பாக்கம் பக்கமாகப் போய் வந்தேன், வீட்டில் "அந்தப் பக்கம் ரோடு நல்லா இருக்கு" என்று பொய். அப்புறம் ஒரு நாள் நண்பர் இழுத்துக்கொண்டு போனார். அந்த இடத்துக்கு இருநூறு மீட்டர் முன்னாலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். அங்கே ஒரு டீக்கடை இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். டீ மாஸ்டர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "சார், அன்னைக்கு விழுந்தது நீங்கதானே? தோள்பட்டை சரியாயிடுச்சா?" என்றார். எனக்கு நினைவில் இல்லாத பத்து நிமிடத்தை அவர்தான் சொன்னார், யார் தண்ணீர் தெளித்தது, யார் ஆட்டோ பிடித்தது, நான் வண்டியைக் கேட்டு அடம்பிடித்தது எல்லாம். நாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். பெஞ்சுக்கு அடியில் காட்டினார். தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது வாரம் அந்த இடத்தை மெதுவாக ஓட்டிக் கடந்தேன், மூன்றாவது வாரம் கொஞ்சம் வேகமாக. பயம் போகவில்லை, ஆனால் அது வந்து உட்காரும் இடம் எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு மூன்று மாதம் இப்படிச் செய்தும் தூக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டு எழுந்தால், வண்டியைப் பார்த்தாலே வேர்த்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். காலுக்கு பிசியோ மாதிரிதான் அதுவும்.

உங்களை மாதிரி ஆட்களுக்கு யாராவது டிம் டான் கதையை அனுப்பியிருப்பார்கள், எனக்கும் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே மூன்று பேர் அனுப்பினார்கள். பிரிட்டிஷ் வீரர், 2017 மே மாதம் பிரேசிலில் 7 மணி 40 நிமிடம் 23 விநாடியில் ஐயன்மேன், அதாவது 70.3-ஐப் போல இரண்டு மடங்கு தூரம், முடித்தவர், ஐயன்மேன் பெயரில் நடக்கும் போட்டிகளில் அன்றைக்கு அதுதான் மிக வேகமான நேரம். அதே வருடம் அக்டோபரில் ஹவாயின் கோனாவில் உலகப் போட்டிக்கு இரண்டு மூன்று நாளுக்கு முன் பயிற்சியில் வண்டி மோதிக் கழுத்தெலும்பு முறிந்தது. எலும்பை இணைத்து ஆபரேஷன் செய்தால் கழுத்து பழையபடி திரும்பாது என்பதால் ஹேலோ என்கிற உலோக வளையத்தை மண்டையில் ஸ்க்ரூ போட்டு மாட்டிக்கொண்டு மூன்று மாதம் இருந்தார். 2018 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானை, மழையும் குளிரும் எதிர்க்காற்றுமாக இருந்த நாளில், 2 மணி 49 நிமிடம் 42 விநாடியில் ஓடினார். இதைப் படித்துவிட்டு எல்லோரும் "பார், ஆறு மாதத்தில்!" என்பார்கள். நான் பார்ப்பது அவர் போன வரிசையை. முதலில் ஓட்டம் மட்டும், விழ வாய்ப்புக் குறைவான விளையாட்டு. அப்புறம் ஜூனில் கோஸ்டா ரிகாவில் பாதித் தூரம், அதை ஜெயிக்கவும் செய்தார். ஒரு வருடம் கழித்துத்தான் கோனா, அங்கே முன்வரிசையில் இல்லை, முடித்தார், அவ்வளவுதான். அதுவும் அவருக்கு இதுவே தொழில், பகல் முழுக்க உடம்பைப் பார்ப்பதே வேலை. நமக்குக் காலை பத்து மணிக்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங்.

பிரிட்டிஷ் வீராங்கனை கிறிஸ்ஸி வெலிங்டன் 2011-ல் செய்ததை மட்டும் உதாரணமாக எடுக்காதீர்கள். கோனாவுக்கு இரண்டு வாரம் முன் பயிற்சியில் விழுந்து, தோல் உரிந்த காயங்களோடு போய், நீச்சலில் வெகு பின்னால் வெளியே வந்து, கடைசியில் 8 மணி 55 நிமிடத்தில் ஜெயித்தார். அற்புதமான பந்தயம்தான். ஆனால் அவருக்குக் காலர்போன் உடையவில்லை, அப்புறம் நாம் யாரும் கிறிஸ்ஸி வெலிங்டன் இல்லை.

கோவா கணக்குக்கு வருவோம். 70.3 போட்டிகளில் வழக்கமாக நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், சைக்கிள் முடிக்க ஆரம்பத்திலிருந்து 5 மணி 30 நிமிடம், மொத்தம் 8 மணி 30 நிமிடம். உங்கள் போட்டியின் கையேட்டில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீச்சலை 55 நிமிடத்தில் சாவகாசமாக முடிக்கிறீர்கள், நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் மாற்று இடத்தில் 10 நிமிடம் உட்கார்ந்து உடுத்துகிறீர்கள், 90 கிலோமீட்டரை மணிக்கு 25 வேகத்தில் 3 மணி 36 நிமிடம். அங்கேயே 4:41, ஐந்தரைக்கு நிறைய இருக்கிறது. அடுத்த மாற்றத்துக்கு 8 நிமிடம். 21.1 கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் என்று நடையும் ஓட்டமுமாகப் போனால் 3 மணி 10 நிமிடம். மொத்தம் 7:59. அரை மணி நேரம் கையில் இருக்கிறது. வண்டியை 25 வேகத்துக்கு மேல் விரட்ட வேண்டிய கட்டாயமே இல்லை என்பது இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த விஷயம்.

விதிகளும் பயந்தவருக்குச் சாதகமாகவே இருக்கின்றன. இங்கே சைக்கிளில் முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டக்கூடாது, 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும், முந்தும்போது மட்டும் நெருங்கலாம். நீங்கள் விழுந்தது சக்கரம் உரசி. ஈசிஆர் ஞாயிற்றுக்கிழமைக் கும்பலைவிடப் போட்டி ரோடு உங்களுக்குப் பத்திரம். நீச்சல் ரோலிங் ஸ்டார்ட்டாக இருந்தால் சில விநாடிக்குச் சில பேராக விடுவார்கள், கடைசியாகப் போய் நில்லுங்கள், ஓரமாகப் போங்கள், தோளில் யாரும் இடிக்க மாட்டார்கள். தவளை நீச்சல்கூட நீந்தலாம். பாதுகாப்புக்கு நிற்கும் காயக் படகைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம், அதைப் பிடித்தபடி முன்னால் நகராதவரை தகுதி நீக்கம் கிடையாது. இது தெரியாமல் கடலில் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாற்று இடத்தில் வண்டியைத் தொடும் முன் ஹெல்மெட் பட்டி மாட்டியிருக்க வேண்டும், இடது கை முழுசாக மேலே வராமல் ஈரக் கையோடு அந்தக் கொக்கியை மாட்டிப் பழகுங்கள், எனக்கு முதல் போட்டியில் அதற்கே நாற்பது விநாடி போனது. மூன்று விளையாட்டுக்கும் ஒரே உடையாகப் போடும் டிரைசூட்டும் அப்படித்தான், ஈர உடம்பில் தோளுக்கு மேல் இழுக்க முடியாது, நீந்தும்போதே முழுசாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தைச் சென்னைக்காரர்களே மறப்போம்: நான்கு மாதம் ஃபேனுக்கு முன்னால் டிரெய்னர் ஓட்டியதில் வெயில் பழக்கம் போய்விட்டிருக்கும். அது திரும்ப வர பத்துப் பதினான்கு நாள் வேண்டும். போட்டிக்கு மூன்று வாரம் முன்னாலிருந்து ஓட்டத்தை ஒன்பது மணி வெயிலில் வையுங்கள், மெதுவாக. மிராமர் கடற்கரைப் பக்கம் பதினொரு மணிக்கு ஓட ஆரம்பிக்கும்போது இது தெரியும்.

அதற்கு முன் ஏதாவது ஒரு சின்னப் போட்டி செய்துவிடுங்கள், ஸ்பிரின்ட் தூரம், 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். கூட்டம், பரபரப்பு, மற்றவர் சக்கரம் பக்கத்தில் வருவது, இதெல்லாம் அங்கே ஒரு முறை பட்டுவிட வேண்டும். போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒரு தேதி குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குள் கடலில் இடைவிடாமல் 1500 மீட்டர், ரோட்டில் நடுக்கமில்லாமல் 70 கிலோமீட்டர், அதிலிருந்து இறங்கியதும் 8 கிலோமீட்டர் ஓட்டம். இதில் எது வரவில்லையோ அதை வைத்து முடிவெடுங்கள். கடல் வரவில்லை என்றால் ரிலே, அதாவது மூன்று விளையாட்டையும் ஒரு குழுவாகப் பிரித்துக்கொள்வது, கோவாவில் அந்தப் பிரிவும் நடந்திருக்கிறது, நீங்கள் ஓட்டமோ சைக்கிளோ எடுங்கள். ரோடு வரவில்லை என்றால் அடுத்த வருடத்துக்குத் தள்ள வழி உண்டா என்று பதிவு விதியைப் பாருங்கள், அதற்குக் கடைசித் தேதி இருக்கும், இப்போதே பாருங்கள். பணம் போனாலும் பரவாயில்லை என்று சொல்வது எனக்குச் சுலபம், தெரியும். இன்னொரு ஆபரேஷன் அதைவிடக் கூடுதல்.

வீட்டில் பேசினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், "நீங்க விழுந்தா எனக்கு எப்படித் தெரியும்?" அன்றிலிருந்து லைவ் லொகேஷன் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன், புள்ளி ஒரே இடத்தில் மூன்று நிமிடம் நின்றால் போன் வரும். டீக்கடையில் நின்றாலும் வரும். டீ மாஸ்டருக்கே இப்போது அவள் குரல் தெரியும்.

எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் அந்த மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டு அவர் சொன்னதை இங்கேயே எழுதுங்கள், வாரக் கணக்கை அப்புறம் போடலாம். தலைவலி விஷயத்தில் வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே.